நிச்சயதார்த்தத்துக்கு முன் சொல்ல வேண்டியது

எங்கள் பக்கத்தில் ஒருவரைத் திட்ட வேண்டுமானால், "உன்னை ஊளம்பாறையில்தான் கொண்டுபோய் விட வேண்டும்" என்பார்கள். 1956-இல் மாநில எல்லை களியக்காவிளையில் வந்து நின்றுவிட்டது. ஆனால் குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்துக்காரர்களுக்கு வைத்தியம் மட்டுமல்ல, வசவுகூட இன்னும் திருவனந்தபுரத்திலிருந்துதான் வருகிறது. ஊளம்பாறையில் இருப்பது திருவிதாங்கூர் ராஜா காலத்து மனநல மருத்துவமனை. பிள்ளைக்கு வலிப்பு வந்தால் அண்டைவீட்டார் முதலில் உச்சரிக்கும் பெயரும் அதுதான்.

அதே நகரில், மெடிக்கல் காலேஜ் வளாகத்தில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஊரில் 'ஸ்ரீ சித்ரா' என்றால் போதும். 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. பல்கலைக்கழகம்போலத் தானே பட்டமும் கொடுக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு அது இதய வால்வு செய்த இடம். எங்களுக்கு வலிப்பு ஆஸ்பத்திரி. வலிப்புக்கான மூளை அறுவை சிகிச்சைத் திட்டம் அங்கே 1995-இல் தொடங்கியது. மூளையைப் படம் பிடிக்கிறார்கள், வெட்டுகிறார்கள், தைக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதிவிட்டன. அதே மருத்துவர்கள் எங்கள் வீட்டுக் கல்யாணப் பேச்சையும் கணக்கெடுத்தார்கள் என்பது தமிழில் யார் கண்ணிலும் பட்டதாகத் தெரியவில்லை. அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

என் சித்தி மகளைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. பெயர் வேண்டாம் என்றாள். மற்றதை எழுதிக்கொள் என்று அனுமதி கொடுத்தாள்.

மார்த்தாண்டத்துக்கு மேற்கே வீடு. சித்தப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். ஒன்றரை வயதில் காய்ச்சலோடு நெடுநேரம் ஜன்னி வந்து பிழைத்த குழந்தை அவள். பிறகு பல வருடம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்புகளில் வேறு மாதிரி ஒன்று தொடங்கியது. கீழே விழமாட்டாள், நுரை தள்ளாது. வயிற்றிலிருந்து ஏதோ மேலே ஏறி வருகிறது என்பாள். அடுத்த நொடி கண் நிலைகுத்தும். சப்புக்கொட்டுவாள். இடது கை பாவாடை நுனியைத் திருகிக்கொண்டே இருக்கும். வலது கை விறைத்து முறுக்கிக்கொள்ளும். இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முடிந்த பிறகு பக்கத்தில் நிற்பவரின் பெயரைச் சொல்லத் தெரியாமல் திணறுவாள்.

இது வலிப்பு என்று யாருக்குத் தோன்றும்? கயிறு கட்டினார்கள். மண்டைக்காட்டில் மண்டையப்பம் நேர்ந்தார்கள்; தலை சம்பந்தப்பட்ட நோய்க்கு அங்கே அது வழக்கம். கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்கள். சாவி எல்லாத் தடவையும் பலித்தது. இரண்டு நிமிடத்தில் தானாக நிற்கும் ஒன்றுக்கு எதைக் கொடுத்தாலும் பலிக்கத்தான் செய்யும். (கைகால் வெட்டி இழுக்கும் வலிப்பாக இருந்தால் செய்ய வேண்டியது ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாயில் எதையும் வைக்காமலிருப்பது, கடிகாரத்தைப் பார்ப்பது. ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. சாவி சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.)

கேரளத்தில் ஸ்ரீ சித்ராவின் மருத்துவர் குருபத் ராதாகிருஷ்ணனும் குழுவினரும் ஏறத்தாழ 2,38,000 பேர் வாழும் பகுதியில் வீடு வீடாகக் கணக்கெடுத்து 2000-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆயிரத்துக்குக் கிட்டத்தட்ட ஐந்து பேருக்கு வலிப்பு இருந்தது. கருத்து கேட்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோரும் நோயின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள். ஆனால் கால்வாசிக்கும் சற்று மேலானவர்கள் அதைப் பைத்தியத்தில் ஒரு வகை என்று நினைத்தார்கள். எழுத்தறிவில் முதலிடம் என்று மார்தட்டும் மாநிலத்தின் நிலை இது. எல்லைக்கு இந்தப் புறமும் படித்தவர்களுக்குக் குறைவில்லை. அதனால் இங்கே மட்டும் நிலைமை வேறு என்று நான் நம்பவில்லை.

முதல் மாத்திரை கேட்கவில்லை. இரண்டாவதும் கேட்கவில்லை. கிளாஸ்கோவில் குவான், புரோடி இருவரும் புதிதாக வலிப்பு கண்ட நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து, அதுவும் 2000-இல்தான், ஒரு கணக்கைச் சொன்னார்கள்: முதல் மருந்திலேயே ஏறத்தாழப் பாதிப் பேருக்கு வலிப்பு நின்றுவிடுகிறது, ஆனால் எதைக் கொடுத்தாலும் அடங்காதவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். முறையாகக் கொடுத்த இரண்டு மருந்து தோற்றால், மூன்றாவது வெல்லும் வாய்ப்பு சொற்பம். இது தெரிந்த மருத்துவர் இரண்டாவது மருந்து தோற்றதுமே அறுவை சிகிச்சை உண்டா என்று பார்க்கச் சொல்லி அனுப்புவார். தெரியாதவர் ஐந்தாவது மாத்திரையை எழுதுவார். எங்களுக்கு இருவகையினரும் கிடைத்தார்கள். தாமதமாகக் கிடைத்தவர்தான் ஸ்ரீ சித்ராவுக்கு அனுப்பி வைத்தவர்.

இடையில் வேலூரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டின் மறுமுனையில் ஆந்திர எல்லையில், சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியின் வேதாந்தம் ராஜசேகர் குழு ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களை இதேபோல ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டது. அங்கே வலிப்புக்காரர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குக் காரணம் மூளையில் தங்கிய நாடாப்புழுவின் இளம்புழுப் பருவம். பன்றி இறைச்சி தின்கிறவர்களுக்கு வரும் நோய் என்று சொல்லிச் சைவர்கள் நிம்மதியாக இருக்கக்கூடாது. இறைச்சி தின்றவர் வயிற்றில் வளர்வது புழு. அவர் கழிவில் கலந்த முட்டை, கழுவாத கீரையிலோ கையிலோ ஒட்டி வந்தால், தின்பவர் மூளைக்குப் போகும். கழிப்பறை கட்டினால் குறையும் வலிப்பு அது. என் தங்கைக்கு இருந்தது வேறு. குழந்தையில் வந்த அந்த நீண்ட ஜன்னிக்குப் பின் இடது பக்கப் பொட்டெலும்புக்கு உள்ளே, நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் சுருங்கித் தழும்பாகியிருந்தது.

இடது பக்கம் என்பதைப் படம் காட்டுவதற்கு முன்பே கண்டுபிடித்தவர் ஒரு வகையில் என் சித்திதான். எந்தக் கை திருகும், எந்தக் கை முறுக்கும் என்று மருத்துவர் கேட்டார். சித்தி யோசிக்கவே இல்லை. தன் சேலைத் தலைப்பைப் பிடித்து அப்படியே செய்து காட்டினார். இந்த வகை வலிப்பில் திருகும் கை பெரும்பாலும் நோய் இருக்கும் பக்கத்துக் கை; முறுக்குவது எதிர்ப்பக்கத்துக் கை. மருத்துவர் எழுதிக்கொண்டார். இத்தனை வருடம் சித்தி பார்த்ததை ஒருவர் எழுதிக்கொண்டது அதுவே முதல் முறை. படித்த மனிதர்கள் பலர் சித்தியிடம் "பயப்படாதீர்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பிறகு வீடியோ ஈ.ஈ.ஜி. தலையெண்ணெய் போகக் குளித்து வர வேண்டும். மண்டையை நாடாவால் அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் தோலைச் சுரண்டிப் பசை தடவி மின்முனையை ஒட்டுகிறார்கள். வண்ண வண்ணக் கம்பிகள் பின்னலாகச் சேர்ந்து ஒரு பெட்டிக்குள் போகின்றன. எதிரே கேமரா. 1924-இல் ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் பெர்கர் என்ற மனநல மருத்துவர் மனித மூளையின் மின்னலைகளை முதலில் பதிவுசெய்தார்; வெளியே சொல்ல அவருக்கு ஐந்து வருடம் ஆனது. அந்த அலைகள்தான் கட்டிலுக்கு மேலே திரையில் ஓடின. மாத்திரையைக் குறைத்துவிடுகிறார்கள். வலிப்பு வர வேண்டும். வந்தால்தான் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். கூட இருப்பவர், அதாவது பைஸ்டாண்டர், வலிப்பு தொடங்கியதும் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். போர்வையை விலக்கிக் கைகள் கேமராவுக்குத் தெரியும்படி வைக்க வேண்டும்.

"வராமலிருக்க நேர்ச்சை வைத்தவள் நான். இப்போது வா வா என்று பொத்தானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்" என்றார் சித்தி. தூக்கம் குறைந்தால் வலிப்பு வரும் என்பதால் இரவில் விழித்திருக்கச் சொன்னார்கள். பால் வெட்டுகிறவர் வீட்டில் நள்ளிரவுக்குப் பிறகு விளக்கெரிவது புதிதா என்ன? சித்தப்பா தலைவிளக்கோடு புறப்படும் நேரத்தில் கட்டன்சாயா போட எழுந்து பழகியவள் அவள். வீட்டிலும் விடிகாலைகளில்தான் அதிகம் வந்திருக்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஆஸ்பத்திரியிலும் அந்நேரத்தில்தான் வந்தது. சித்தி பொத்தானை அழுத்தியதற்கும் செவிலியர் ஓடி வந்ததற்கும் இடையில், "மக்களே, என் பெயர் என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது பதிவில் இருக்கிறது. வலிப்புக்குப் பின் பேச்சு திரும்ப எத்தனை நேரமாகிறது என்பதும் அவர்களுக்குத் தேவையான குறிப்புதான். மொழி குடியிருக்கும் பக்கம் அதில் தெரியவரும்.

நினைவாற்றல் சோதனையில் ஒரு சிக்கல். சொற்பட்டியலைக் கேட்டுவிட்டு, சற்றுக் கழித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும். உளவியலாளர் முதலில் கேட்ட கேள்வியே, கனவில் எந்த மொழி பேசுவாய் என்பது. தமிழ் என்றாள். சோதனை தமிழில் நடந்தது. இதைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிடக்கூடாது. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞரின் வலிப்பை நிறுத்த, ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் இரண்டு பக்க ஹிப்போகாம்பஸையும் அகற்றினார். வலிப்பு பெருமளவு குறைந்தது. ஆனால் 2008-இல் சாகும்வரை அந்த மனிதரால் புதிதாக எதையும் நினைவில் நிறுத்திக்கொள்ள முடியவில்லை. பல பத்தாண்டுகள் அவரைச் சோதித்த பிரெண்டா மில்னர், ஒவ்வொரு முறையும் தன்னைப் புதிதாக அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. நினைவைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த ஒரு மனிதரின் இழப்பிலிருந்து வந்தது. ஒரு பக்கத்தை எடுக்கும் முன் மறுபக்கம் தாங்குமா என்று பார்ப்பது அதனால்தான். தப்பான மொழியில் அளந்தால் தப்பான விடைதான் வரும்.

அறுவை சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2001-இல் கனடாவின் சாமுவேல் வீப் குழு 80 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து வெளியிட்ட ஆய்வில், ஓராண்டு முடிவில் சுயநினைவைக் குலைக்கும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள் அறுவைப் பிரிவில் 58 சதவீதம், மருந்துப் பிரிவில் 8 சதவீதம். டெல்லி எய்ம்ஸ் 116 பிள்ளைகளிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில் 77-க்கு 7. இப்படி ஒரு வித்தியாசம் மருத்துவத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை. தங்கைக்குச் செய்தார்கள். வலிப்பு நின்றது. சில பெயர்ச்சொற்கள் நாக்கு நுனிவரை வந்து நிற்கும். அது இன்னும் உண்டு.

பிறகுதான் யாரும் எதிர்பாராத காலம் தொடங்கியது. வீட்டில் எல்லோரும் பாயசம் வைத்த மனநிலையில் இருந்தார்கள். அவள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. சாப்பாடு குறைந்தது. கோபம் வந்தது, அதுவும் சித்தியின் மேல். "வலிப்பு இருந்தபோது தண்ணீர்க்குடம்கூட எடுக்க விடவில்லை. இப்போது ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்கிறார்கள்" என்றாள் என்னிடம். குளத்தில் குளிக்காதே, அடுப்படிக்குப் போகாதே, தனியாகப் பஸ் ஏறாதே என்று வளர்ந்த பெண். ஒரு பட்டப்படிப்பைப் பாதியில் நிறுத்தியவள். நோய் போனதும் அத்தனை நாள் பாக்கியையும் மொத்தமாக வசூலிக்க வந்து நின்றது உலகம்.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் சாரா வில்சன் குழுவினர் இப்படிப்பட்டவர்களை ஆராய்ந்து, இதற்கு 'இயல்பாய் இருப்பதன் சுமை' என்று பொருள்படும் ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். நீண்டநாள் நோயாளியாக வாழ்ந்தவர், திடீரென்று நலமானவராக வாழக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சிலர் ஒரேயடியாக எல்லாவற்றையும் செய்யப் பாய்கிறார்கள், சிலர் ஒடுங்கிவிடுகிறார்கள். குடும்பமும் சேர்ந்து தடுமாறுகிறது. பார்த்துப் பார்த்துக் காப்பாற்றிய தாய்க்கு அந்த வேலை போய்விடுகிறது அல்லவா? சித்தி இரவில் எழுந்து அவள் மூச்சைக் கவனிப்பதை நிறுத்தவில்லை. அறுவைக்கு முன்பே இதைப் பேசிவைக்க வேண்டும் என்பது அந்த ஆய்வுகளின் பாடம். வலிப்புக்காரர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வு இருக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்த கணக்கு ஒன்றும் உண்டு. எத்தனை மருத்துவர்கள் "தூக்கம் எப்படி, மனசு எப்படி" என்று கேட்கிறார்கள்? தலையை ஸ்கேன் எடுக்க வரிசையில் நின்ற என் உறவினர்களே, மனநல மருத்துவரிடம் போகலாம் என்றதும் "ஊளம்பாறைக்கா?" என்றார்கள். மூளைக்கும் மனத்துக்கும் நடுவிலும் ஒரு செக்போஸ்ட் போட்டு வைத்திருக்கிறோம். களியக்காவிளையையாவது கைப்பையைக் காட்டிக் கடந்துவிடலாம்.

போனாள். மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்து ஓரளவுக்குத் தூக்கி நிறுத்தின. பாதியில் விட்ட படிப்பைத் தபால் வழியில் முடித்தாள். உடனே கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்டது.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் செய்த திருத்தம், பைத்தியமோ வலிப்போ திரும்பத் திரும்ப வருகிறவரைத் திருமணத்துக்குத் தகுதியற்றவர் வரிசையில் சேர்த்தது. 1999-இல்தான் 'வலிப்பு' என்ற சொல்லை எடுத்தார்கள். இருபத்து மூன்று வருடம் சட்டமே அண்டைவீட்டார் பேசுவதைப் பேசிக்கொண்டிருந்தது. ஆனால் முக்கியமான ஒன்றை மறைத்துச் சம்மதம் வாங்கினால் திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்ற பிரிவு அப்படியே இருக்கிறது. ஆக, நோய் தடையில்லை. மறைத்தால் வம்பு வரலாம்.

ஸ்ரீ சித்ராவின் ஆய்வாளர்கள் இதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். கல்யாணத்துக்கு முன்பே வலிப்பு தொடங்கிய 82 பெண்களிடம், மாப்பிள்ளை வீட்டில் சொன்னீர்களா, மறைத்தீர்களா என்று கேட்டு 2007-இல் வெளியிட்டார்கள். 55 சதவீதம் பேர் மறைத்திருந்தார்கள். சொன்னால் பேச்சு முறிந்துவிடும் என்ற பயம்தான் காரணம். மறைத்தவர்களின் மணவாழ்வில்தான் பூசல் அதிகம் இருந்தது. நான் படித்த எல்லா மூளை ஆராய்ச்சிகளிலும் இதை ஒரு படி மேலே வைப்பேன். இதற்கு ஸ்கேன் வேண்டாம், மின்முனை வேண்டாம். தரகர் திண்ணையில் உட்கார்ந்து பேசும்போது உள்ளறையில் என்ன நடக்கிறது என்று கேட்கும் துணிச்சல் வேண்டும்.

இன்னொன்றையும் அங்கேதான் செய்தார்கள். சஞ்சீவ் தாமஸ் என்ற மருத்துவரின் முயற்சியில் 1998 முதல், வலிப்புள்ள கர்ப்பிணிகளைப் பதிவுசெய்து, பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்குக் குறையில்லாத குழந்தைதான் பிறக்கிறது. வால்புரோயேட் என்ற மருந்து, குறிப்பாக அதிக அளவில், ஆபத்தைக் கூட்டுகிறது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், கருவில் அந்த மருந்துக்கு ஆட்பட்ட பிள்ளைகளின் அறிவுத்திறன் அளவு ஆறு வயதில் சராசரி 97. லாமோட்ரிஜின் என்ற இன்னொரு வலிப்பு மருந்தின் பிள்ளைகளுக்கு 108. மனநல மருத்துவத்திலும் மனநிலை ஏற்ற இறக்கத்துக்கு இதே வால்புரோயேட்டைத்தான் கொடுக்கிறார்கள். வயதுப் பெண்ணுக்கு அதை எழுதும்போது இதைச் சொல்லித்தான் எழுத வேண்டும். அதற்காகத் தானாக நிறுத்திவிடவும் கூடாது. நிறுத்தியதால் வரும் வலிப்பு தாயையும் குழந்தையையும் சேர்த்துத் தாக்கும். கல்யாணத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்றுவதும், கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்குவதும்தான் வழி. தங்கைக்கு மாற்றிவிட்டார்கள்.

வீட்டில் சண்டை இப்போது மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா, எப்போது சொல்வது என்பதைப் பற்றி. சித்தியின் வாதம் லேசானதில்லை: "அறுத்து எடுத்துச் சரியாகிவிட்டது. அப்பெண்டிக்ஸ் எடுத்ததை எந்த வீட்டில் சொல்லி மாப்பிள்ளை பார்க்கிறார்கள்?" தரகரிடம் சொன்னால் மார்த்தாண்டம் சந்தைக்கே சொன்னதாகிவிடும் என்பதில் எனக்கும் உடன்பாடுதான். தங்கைக்கு இன்னும் காலையும் இரவும் மாத்திரை உண்டு. "கல்யாணமான ராத்திரி எந்தக் கதவுக்குப் பின்னால் நின்று விழுங்குவேன்?" என்று கேட்டாள். சித்தப்பா அதற்குப் பிறகு பேசவில்லை. தரகரிடம் வேண்டாம், பையன் பார்த்துவிட்டுப் போன பின் நிச்சயதார்த்தத்துக்கு முன் அவளே அவனிடம் சொல்வாள் என்று ஒரு மாதிரி ஒப்பந்தமாகியிருக்கிறது. நெய்யாற்றின்கரைக்காரர் ஒருவர் கேட்டுவிட்டு, வீட்டில் கலந்து சொல்கிறேன் என்று போனார், பதில் இல்லை. அடுத்தது குழித்துறைப் பக்கம். ஸ்ரீ சித்ராவில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியை நகலெடுத்து வைத்திருக்கிறாள். சித்தி அதை அலமாரியின் அடித்தட்டுக்கு மாற்றுவதும், அவள் திரும்ப எடுத்து மேசைமேல் வைப்பதுமாக நடக்கிறது.